பெயர்களை வாசித்த பேராயர்

1978, 1979ஆம் ஆண்டுகளில் எல் சல்வடோரின் தலைநகர் சான் சல்வடோரில், ஞாயிறு காலை வீதியால் நடந்து போகும் ஒருவர் கையில் வானொலிப் பெட்டி இல்லாமலே ஒரு மறையுரையை முழுவதுமாகக் கேட்டுவிடலாம் என்று சொல்வார்கள். ஒரு வீட்டு யன்னலில் விட்ட வசனத்தை அடுத்த வீட்டு யன்னல் தொடரும். பேசிக்கொண்டிருந்தவர் பேராயர் ஒஸ்கார் ரொமேரோ. அவரது மறையுரை ஒரு மணித்தியாலத்தைத் தாண்டும். சில வாரங்களில் அதற்கும் மேலே போகும். முதலில் அன்றைய வேதாகம வாசகங்களுக்கான விளக்கம். அதன் பிறகு அந்த வாரத்தில் நாட்டில் நடந்தவை. எந்தக் கிராமத்தில் யார் சுட்டுக் கொல்லப்பட்டார், யாரை யார் பிடித்துச் சென்றார்கள், எந்தத் தாய் எந்த முகாம் வாசலில் இன்னும் காத்திருக்கிறாள் என்று பெயரும் ஊரும் திகதியும் சொல்லி வாசிப்பார்.

ஊடகக் கற்கை படித்த எனக்கு வகுப்பறையில் யாரும் இவரைப் பற்றிச் சொன்னதில்லை. ஆனால் அந்நாட்டுப் பெரிய பத்திரிகைகள் கொலைகளை மறைத்த காலத்தில், ஒரு வாரத்தின் உண்மையான செய்தியறிக்கை அந்தப் பிரசங்க மேடையிலிருந்துதான் வந்தது. பேராயத்தின் வானொலி நிலையமான வை.எஸ்.ஏ.எக்ஸ் மீது திரும்பத் திரும்பக் குண்டு வைக்கப்பட்டதற்குக் காரணமும் அதுதான்.

எங்கள் வாசகர்களுக்கு ரொமேரோவின் கதையைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. வன்முறை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு மதத்தலைவர்கள் பொதுவாகச் சொல்லும் விடை நமக்குப் பழக்கமானது: மனித மனத்தின் பாவம், கோபம், பகை, இரு பக்கமும் மன்னிக்க வேண்டும் என்பார்கள். ரொமேரோவும் நீண்டகாலம் ஏறத்தாழ அப்படித்தான் பேசினார். பிறகு அவர் வேறொரு விடைக்கு வந்தார். அந்த விடைக்காகவே கொல்லப்பட்டார்.

எல் சல்வடோர் மத்திய அமெரிக்காவின் மிகச் சிறிய நாடு. பரப்பளவில் இலங்கையின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோப்பிக்கு உலகச் சந்தையில் விலை ஏறியபோது, பழங்குடி மக்களும் சிற்றூர்களும் பொதுவாக வைத்திருந்த காணிகளை 1881, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஒழித்தன. நல்ல மலைச்சரிவுகள் எல்லாம் ஒரு சில குடும்பங்களின் கைக்குப் போயின. பதினான்கு குடும்பங்கள் என்று அவர்களை மக்கள் குறிப்பிடுவது வழக்கம். காணி இழந்தவர்கள் தாங்கள் பயிர் செய்த அதே நிலத்தில் கூலிகளானார்கள்.

1932இல் மேற்குப் பகுதியில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். கிளர்ச்சி சில நாட்களில் அடங்கிவிட்டது. அதற்குப் பின் வந்த வாரங்களில் இராணுவம் கொன்றவர்களின் தொகை பத்தாயிரத்திலிருந்து முப்பதாயிரம் வரை மதிப்பிடப்படுகிறது. பிப்பில் பழங்குடி மக்களே பெரும்பாலும் இலக்கு. உடையையும் பேச்சையும் வைத்து ஆட்களைப் பிடித்தார்கள் என்பதால், உயிர் தப்பியவர்களில் பலர் தங்கள் நாவாட் மொழியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதை நிறுத்தினார்கள். பெண்கள் பாரம்பரிய உடையைக் களைந்தார்கள். படுகொலைக்கு அந்நாட்டில் மத்தான்சா என்று பெயர். அடுத்த அரை நூற்றாண்டுக்கு இராணுவத்தினரே ஆண்டார்கள்.

அந்தப் படுகொலை நடந்தபோது ரொமேரோவுக்கு 14 வயது. நாட்டின் கிழக்கே சான் மிகுவேல் நகரில், சின்னக் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தார். பிறந்தது 1917 ஆகஸ்ட் 15, ஹொண்டூராஸ் எல்லைக்கு அருகிலுள்ள சியூடாட் பாரியோஸ் என்ற மலை ஊரில். தகப்பன் தந்தி அலுவலர். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாவது. சிறுவயதில் தச்சுத் தொழில் பழகினார். பின்னர் உரோமையில் படித்து 1942 ஏப்ரல் 4இல் குருவானார். உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால், ஊர் திரும்பும் வழியில் இத்தாலியிலிருந்து வந்தவர் என்ற சந்தேகத்தில் கியூபாவில் தடுத்து வைக்கப்பட்டார்.

அடுத்த இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் சான் மிகுவேலில் பங்குப்பணி. கடுமையான உழைப்பாளி, நல்ல பேச்சாளர், பத்திரிகை நடத்தத் தெரிந்தவர். கூச்ச சுபாவம். விதிகளில் இறுக்கம். ஏழைகளுக்கு உதவி செய்வார், பணக்காரக் குடும்பங்களின் வீட்டுக்கும் போய் வருவார். ஏழை ஏன் ஏழையாக இருக்கிறான் என்ற கேள்வி அப்போது அவர் வாயில் வரவில்லை. 1968இல் கொலம்பியாவின் மெடலின் நகரில் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர்கள், சமூக அமைப்பிலேயே வன்முறை பதிந்திருக்கிறது என்று அறிவித்தபோது, அதை எச்சரிக்கையோடு பார்த்தவர்களுள் ரொமேரோவும் ஒருவர். 1970இல் சான் சல்வடோரின் துணை ஆயரானதும், முற்போக்கான குருக்களை மறைமாவட்டப் பத்திரிகையில் விமர்சித்தார்.

1974இல் சந்தியாகோ டி மரியா மறைமாவட்டத்தின் ஆயரானார். கோப்பி விளையும் பிரதேசம். அறுவடைக் காலத்தில் தூர இடங்களிலிருந்து வரும் கூலிகள் மலைக்குளிரில் நகரச் சதுக்கத்திலேயே படுத்து உறங்குவதை ஆயர் கண்டார். மறைமாவட்டக் கட்டிடங்களைத் திறந்து அவர்களுக்குப் படுக்க இடம் கொடுத்தார், சூடாகக் குடிக்கக் கொடுத்தார். இரவில் அவர்களோடு கதைத்துக்கொண்டிருந்தபோது, சட்டப்படி தரவேண்டிய கூலியைத் தோட்டக்காரர்கள் தருவதில்லை என்பது தெரியவந்தது. அந்தத் தோட்டக்காரர்களில் சிலர் அவருக்குத் தெரிந்தவர்கள். 1975 ஜூனில் த்ரெஸ் கயேஸ் என்ற குக்கிராமத்தில் தேசியக் காவல்படை விவசாயிகளை வீடு புகுந்து கொன்றது. ரொமேரோ இறந்தவர்களின் குடும்பங்களிடம் போனார். ஆனால் வெளியில் பேசவில்லை. தனக்குப் பழக்கமான ஜனாதிபதிக்குத் தனிப்பட்ட கடிதம் ஒன்று எழுதினார். கடிதத்தால் எதுவும் நடக்கவில்லை.

இப்படியான ஒருவரைத்தான் 1977 பெப்ரவரியில் சான் சல்வடோரின் பேராயராக்கினார்கள். பணக்காரர்களும் அரசாங்கமும் மகிழ்ந்தார்கள், விவசாயிகளோடு நின்ற குருக்கள் சோர்ந்துபோனார்கள். அவர் பதவியேற்றது பெப்ரவரி 22. அதற்கு இரண்டு நாள் முன்னர் நடந்த ஜனாதிபதித் தேர்தல் அப்பட்டமான மோசடி. அதை எதிர்த்துத் தலைநகரின் சதுக்கத்தில் கூடியிருந்தவர்கள் மீது அம்மாத இறுதியில் துப்பாக்கிச் சூடு நடந்தது.

மார்ச் 12ஆம் திகதி, ருத்திலியோ கிராண்டே என்ற யேசுசபைக் குரு அகிலாரெஸ் என்ற ஊரிலிருந்து தனது சொந்த ஊரான எல் பைஸ்னாலுக்குத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப் போய்க்கொண்டிருந்தார். அகிலாரெஸ் கரும்புத் தோட்டப் பிரதேசம். அங்கே விவசாயிகளைச் சிறு குழுக்களாகக் கூட்டி வேதாகமம் வாசிக்கப் பழக்கியவர் கிராண்டே. வாசிக்கப் பழகியவர்கள் கூலியைப் பற்றியும் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். வழியில் வாகனத்தை மறித்துச் சுட்டார்கள். கிராண்டேயோடு ஒரு முதியவரும் ஒரு பதின்மவயதுப் பையனும் இறந்தார்கள். கிராண்டே ரொமேரோவின் நெருங்கிய நண்பர்.

அன்றிரவு ரொமேரோ அங்கே போனார். மூன்று உடல்களும் கோயிலுக்குள் கிடத்தப்பட்டிருந்தன. சுற்றி நின்றவர்கள் விவசாயிகள். அடுத்தது என்ன செய்வது என்று அவர்களிடமும் குருக்களிடமும் கேட்டுக்கொண்டு நெடுநேரம் இருந்தார் என்று உடனிருந்தவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். அன்றிரவு அவர் மனம் மாறினார் என்று எழுதுவது ஒரு வழக்கமாகிவிட்டது. அவரோ அந்தச் சொல்லை அவ்வளவாக விரும்பவில்லை. சந்தியாகோ டி மரியாவின் சதுக்கத்தில் குளிரில் கிடந்தவர்களைப் பார்த்த நாளிலிருந்தே அது தொடங்கிவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. கண்டதற்கும் வாய்திறந்து சொல்வதற்கும் இடையிலிருந்த இரண்டு ஆண்டு இடைவெளி அந்த இரவோடு முடிந்தது.

அதன்பின் அவர் எடுத்த முடிவுகள் வேகமானவை. கொலை விசாரிக்கப்படும்வரை அரச வைபவங்கள் எதிலும் கலந்துகொள்வதில்லை என்று அறிவித்தார். கத்தோலிக்கப் பாடசாலைகளை மூன்று நாட்கள் மூடினார். மார்ச் 20 ஞாயிறன்று பேராயம் முழுவதிலும் ஒரேயொரு திருப்பலிதான், அது பேராலயத்தின் முன்னால் என்றார். வத்திக்கான் தூதர் எதிர்த்தார். ஆனாலும் நடந்தது. ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் திரண்டார்கள். புதிய ஜனாதிபதி ஜூலையில் பதவியேற்றபோது பேராயர் போகவில்லை. கிராண்டே கொலைக்கான விசாரணை கடைசிவரை நடக்கவில்லை.

குருக்களைக் கொல்வது தேசப்பற்று என்று சொல்லும் துண்டுப்பிரசுரங்கள் தலைநகரில் பரவின. யேசுசபையினர் முப்பது நாட்களுக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும், இல்லையேல் ஒவ்வொருவராகக் கொல்லப்படுவர் என்று வெள்ளைப் போர்வீரர் சங்கம் என்ற கொலைக்குழு கெடு விதித்தது. கிராமங்களில் ஓர்டென் என்ற துணைப்படை அமைப்பு இருந்தது. அதன் உறுப்பினர்களும் ஏழை விவசாயிகள்தான். ஒரு கடன், ஒரு வேலை, தொந்தரவு இல்லாத வாழ்வு இவற்றுக்காக அதில் சேர்ந்தவர்கள், தங்கள் அயலவர்களையே காட்டிக்கொடுத்தார்கள். ஒரே ஊரில், ஒரே வறுமையில் கிடந்தவர்கள் ஏன் ஒருவரையொருவர் கொல்கிறார்கள் என்ற கேள்வி ரொமேரோவை விடவில்லை.

அவரது வாசலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். பிள்ளையைத் தேடி முகாம் முகாமாக, பிணவறை பிணவறையாக அலைந்தவர்கள். 1977 இறுதியில், அவரது ஊக்கத்தோடு அந்தத் தாய்மார் தங்களுக்கென ஒரு குழுவை அமைத்தார்கள். கோமாத்ரெஸ் என்று அதற்குப் பெயர். பேராயத்தின் சட்ட உதவி அலுவலகம் ஒவ்வொரு சம்பவத்தையும் பதிவு செய்தது. ஞாயிறு வாசிக்கப்பட்ட பெயர்கள் அந்தப் பதிவுகளிலிருந்தே வந்தன. சரிபார்க்காத எதையும் சொல்லக்கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். ஒரு தவறான பெயர் அகப்பட்டால், மற்ற எல்லாப் பெயர்களும் பொய்யென்று சொல்வதற்கு ஆட்கள் காத்திருந்தார்கள்.

வன்முறையின் வேர் பற்றிய அவரது சிந்தனை இரண்டு மேய்ப்புப்பணி மடல்களில் இருக்கிறது. 1978 ஆகஸ்ட் 6இல் வெளியான மூன்றாவது மடலை ஆயர் ரிவேரா இ டாமாஸோடு சேர்ந்து எழுதினார். மற்ற ஆயர்கள் பலர் அதற்கு எதிராக நின்றார்கள். வன்முறை என்ற ஒற்றைச் சொல்லால் எல்லாவற்றையும் மூடிவிடுவதை அந்த மடல் மறுத்தது. முதலாவது வன்முறை கண்ணுக்குத் தெரியாதது. பெரும்பான்மையினர் பசியோடிருக்க, சிறுபான்மையினர் காணியையும் சட்டத்தையும் வைத்திருக்கும் ஒழுங்கே அந்த வன்முறை. அதை எதிர்த்து வாய்திறப்பவர்களை அடக்கும் அரச வன்முறை இரண்டாவது. இவற்றுக்குப் பின்னரே ஆயுதக்குழுக்களின் பயங்கர வன்முறையும், தாக்கப்படுபவர்கள் அந்தக் கணத்தில் திருப்பியடிக்கும் வன்முறையும் வருகின்றன. நியாயமான தற்காப்பை, கடைசி வழியாக, திருச்சபையின் பழைய போதனை எந்த எல்லைக்குள் ஏற்கிறது என்பதையும் மடல் பேசியது. ஆனால் அவர் நம்பிக்கை வைத்தது அகிம்சையின் வலிமையில்தான்.

இதில் முக்கியமானது வரிசை. எல்லா வன்முறையும் ஒன்றே என்று சொல்லிவிட்டு ஒதுங்குகிற நடுநிலையை அவர் ஏற்கவில்லை. முதல் வன்முறை தொடரும்வரை மற்றவற்றை எவ்வளவு கண்டித்தும் பயனில்லை என்பதே அவர் நிலை. அதேசமயம், முதல் வன்முறையைக் காட்டி மூன்றாவதை நியாயப்படுத்தவும் அவர் விடவில்லை. 1977இல் வெளிவிவகார அமைச்சரைக் கெரில்லாக்கள் கடத்தியபோது அவரை விடுவிக்கும்படி ரொமேரோ மன்றாடினார். அமைச்சர் கொல்லப்பட்டார். பேராயர் அதைக் கண்டித்தார். அதற்குப் பதிலடி என்று சொல்லி, மே 11இல் அல்போன்சோ நவாரோ என்ற குருவையும் அவரோடிருந்த ஒரு சிறுவனையும் கொலைக்குழு சுட்டது. அதையும் கண்டித்தார்.

1979 ஆகஸ்டில் வந்த நான்காவது மடல் இன்னும் ஆழத்துக்குப் போனது. எழுதுவதற்கு முன்னர் பங்குகளுக்கும் அடித்தளச் சமூகங்களுக்கும் கேள்விகள் அனுப்பிப் பதில்களைத் திரட்டினார். வன்முறைக்கு இறையியல் விளக்கம் தேடிய ரொமேரோ, மிகப் பழைய ஒரு வேதாகமச் சொல்லை எடுத்தார்: சிலைவழிபாடு. கடவுள் அல்லாத ஒன்றைக் கடவுளின் இடத்தில் வைத்தால் அது பலி கேட்கும், மனிதப் பலியே கேட்கும். அவரது நாட்டில் அப்படி மூன்று சிலைகள் இருந்தன. முதலாவது செல்வமும் தனியுடைமையும். இரண்டாவது தேசியப் பாதுகாப்பு. நாட்டைக் காக்கிறோம் என்று சொல்லி நாட்டு மக்களையே பகைவராக்கும் கோட்பாடு அது. மூன்றாவது அமைப்பு. மக்களுக்காகத் தொடங்கப்பட்ட இயக்கம், ஒரு கட்டத்தில் தன்னையே நோக்கமாக்கிக்கொண்டு, மக்களைத் தனக்காகக் கேட்கத் தொடங்குவது.

மூன்றாவதைச் சொன்னபோது அவருக்கு நண்பர்கள் குறைந்தார்கள். விவசாயிகள் அமைப்பாகச் சேரும் உரிமைக்காக அந்நாட்டில் அவரளவு உரத்துக் குரல் கொடுத்தவர்கள் குறைவு. அந்த அமைப்புகளின் முகத்துக்கு நேராகவே இதையும் சொன்னார். நம் மண்ணில் இதை வாசிப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நின்றுதான் போவார்கள். முதல் இரண்டு சிலைகளையும் நாம் உடனே அடையாளம் காண்போம். மூன்றாவதைப் பற்றிப் பேச நம்மிடையே இன்னும் சொற்கள் போதவில்லை.

1979 ஒக்டோபர் 15இல் இளம் அதிகாரிகள் ஆட்சியைக் கவிழ்த்துச் சீர்திருத்தம் செய்வதாக வாக்களித்தபோது, அவர்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் ரொமேரோ. இடதுசாரி அமைப்புகள் அவரைத் திட்டின. ஓரிரு மாதங்களில் அந்த நம்பிக்கை பொய்த்தது. கொலைகள் முன்னரிலும் பெருகின.

அவரது தனிமையை 1978 மார்ச் முதல் ஒலிநாடாவில் பதிவு செய்துவந்த நாட்குறிப்பு காட்டுகிறது. சக ஆயர்களில் பெரும்பாலானவர்கள் அவரைப் பற்றி உரோமைக்கு முறைப்பாடு எழுதினார்கள். 1979 மேயில் ஆவணங்களைக் கட்டாகச் சுமந்துகொண்டு பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரைப் பார்க்கப் போனார். கவனமாக இருக்கும்படியும் அரசோடு இணங்கிப் போகும்படியும் அங்கே கிடைத்த ஆலோசனை அவரைச் சோர்வடையச் செய்தது. பேராலயக் கட்டிட வேலையை நிறுத்தி வைத்திருந்தார். ஆயர் இல்லத்தில் அவர் வசிக்கவில்லை. புற்றுநோயாளருக்காகக் கன்னியர் நடத்திய தெய்வீகப் பராமரிப்பு மருத்துவமனையின் வளாகத்தில், ஒரு கட்டிலும் மேசையும் கொண்ட சிறிய வீட்டில் இருந்தார். பயமில்லாதவர் அல்லர். இரவில் கூரையில் ஏதும் விழுந்தாலே திடுக்கிட்டு எழுவாராம்.

1980 பெப்ரவரி 17இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டருக்கு எழுதிய கடிதத்தைத் திருப்பலியில் வாசித்தார். இராணுவ உதவி மக்களுக்கு எதிராகவே பயன்படும், அனுப்ப வேண்டாம் என்பது கோரிக்கை. அடுத்த நாள் வானொலி நிலையம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. உதவி நிற்கவில்லை. மார்ச்சில், அவர் முதல்நாள் திருப்பலி நிறைவேற்றிய ஆலயத்தில் 72 டைனமைட் குச்சிகளோடு ஒரு பெட்டி கண்டெடுக்கப்பட்டது.

மார்ச் 23 ஞாயிறு. பெயர்களை வாசித்து முடித்தபின், சாதாரணப் படையினரை நேரடியாக விளித்தார். நீங்களும் இந்த மக்களின் பிள்ளைகள்தான், கொல்லச் சொல்லும் கட்டளை கடவுளின் சட்டத்துக்கு எதிரானது, அதற்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்ற பொருளில் பேசி, அடக்குமுறையை நிறுத்தும்படி கடவுளின் பெயரால் கட்டளையிட்டார். ஆலயம் கைதட்டலால் நிறைந்தது. இராணுவ மேலிடத்தின் பார்வையில் அது படையினரைக் கலகத்துக்குத் தூண்டும் பேச்சு.

மறுநாள் திங்கள் மாலை, மருத்துவமனையின் சிற்றாலயத்தில் ஒரு நினைவுத் திருப்பலி. நேரமும் இடமும் பத்திரிகையில் விளம்பரமாகியிருந்தன. மறையுரையை முடித்த நேரம், வாசலில் வந்து நின்ற வாகனத்திலிருந்து ஒரேயொரு குண்டு பாய்ந்தது. பீடத்தின் பின்னால் விழுந்தார். வயது 62. மார்ச் 30 குருத்தோலை ஞாயிறன்று நடந்த இறுதிச் சடங்கில், பேராலயத்துக்கு முன்னாலிருந்த பெருங்கூட்டத்தின் நடுவே குண்டு வெடித்தது, சூடு நடந்தது, பல பத்துப்பேர் இறந்தார்கள். சடங்கை முடிக்காமலேயே உடலை அவசரமாக அடக்கம் செய்தார்கள்.

அதன்பின் நடந்த உள்நாட்டுப் போர் 1992வரை நீடித்தது. சுமார் 75,000 பேர் கொல்லப்பட்டார்கள். ஐ.நா. ஏற்பாட்டில் அமைந்த உண்மை ஆணைக்குழு 1993 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. தனக்கு வந்த முறைப்பாடுகளில் ஏறத்தாழ 85 வீதம் அரச படையினர், துணைப்படைகள், கொலைக்குழுக்கள் மீதானவை என்றும், ஏறத்தாழ 5 வீதம் கெரில்லாக்கள் மீதானவை என்றும் அது பதிவு செய்தது. ரொமேரோவைக் கொல்ல உத்தரவிட்டவர் முன்னாள் இராணுவ மேஜர் ரொபேர்ட்டோ டோபுய்சன் என்று பெயர் குறிப்பிட்டது. அவர் அதற்கு முதல் ஆண்டே நோயால் இறந்திருந்தார். அவர் நிறுவிய கட்சிதான் அப்போது ஆட்சியில் இருந்தது. அறிக்கை வெளிவந்து ஐந்தே நாளில் பாராளுமன்றம் பொதுமன்னிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது.

திருச்சபைக்குள்ளும் தாமதம்தான். அவர் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டாரா, அரசியலுக்காகக் கொல்லப்பட்டாரா என்ற வாதம் பல ஆண்டுகள் இழுபட்டது. 2015 மே 23இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 2018 ஒக்டோபர் 14இல் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். அந்தத் திருப்பலியில் பாப்பரசர் பிரான்சிஸ் அணிந்திருந்த இடைக்கயிறு, சுடப்பட்ட அன்று ரொமேரோ கட்டியிருந்தது. இரத்தக்கறை அதில் அப்படியே இருந்தது.

2010 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை, அவர் கொல்லப்பட்ட மார்ச் 24ஐ, பாரிய மனித உரிமை மீறல்கள் தொடர்பான உண்மையை அறியும் உரிமைக்கான சர்வதேச நாளாக அறிவித்தது. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் கொட்டகை போட்டு உட்கார்ந்த தாய்மார் கேட்பதும் அந்த உரிமையைத்தான். ஆனால் ஆகஸ்ட் 30ஐ அறிந்த அளவுக்கு மார்ச் 24ஐ நம்மவர்கள் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை.

பொதுமன்னிப்புச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று எல் சல்வடோரின் உயர்நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு ரொமேரோ கொலை வழக்கு மீண்டும் திறக்கப்பட்டது. புனிதராக்கப்பட்ட அதே மாதத்தில், கொலையில் தொடர்புடைய முன்னாள் கப்டன் ஒருவரைக் கைது செய்ய நீதிபதி உத்தரவிட்டார். அவர் தலைமறைவாக இருந்தார்.

சான் சல்வடோரின் குஸ்கத்லான் பூங்காவில் ஒரு கறுப்புக் கருங்கல் மதில் நிற்கிறது. போரில் கொல்லப்பட்ட, காணாமல் ஆக்கப்பட்ட பொதுமக்களின் பெயர்கள் ஆண்டு வாரியாக அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அரசு கட்டத் தயங்கியதால், உறவினரும் மனித உரிமை அமைப்புகளும் பாடுபட்டு 2003இல் அதைத் திறந்தார்கள். இறந்தோர் நாளான நவம்பர் 2இல் உறவினர்கள் பூக்களோடு வருகிறார்கள். மதிலில் விரலை வைத்து வரி வரியாகத் தேடி, தங்கள் பெயரைக் கண்டதும் அந்த இடத்தில் ஒரு பூவை ஒட்டுகிறார்கள்.